ஒரு மின்விசிறியின் செல்வாக்கு

பதினொன்றேகாலுக்கு மைக்கைப் பிடித்த பேராசிரியர் செங்குட்டுவன் பன்னிரண்டு தாண்டியும் நாலாவது நூலை விட்டு நகரவில்லை. மொத்தம் பத்து நூல்கள். திரையில் ‘உலகை மாற்றிய பத்து அறிவியல் புனைகதைகள்: தாக்கமும் தொடர்ச்சியும்’ என்று கொட்டை எழுத்து, அதற்குப் பின்னால் ஒரு ராக்கெட், ராக்கெட்டுக்குப் பக்கத்தில் கல்லூரித் தாளாளர் கைகூப்பியபடி. இந்த மனிதர் எந்தக் கிரகத்துக்குப் போய்விட்டு வந்தார் என்று கோமதிநாயகத்துக்குப் புரியவில்லை. மேடையில் இடமிருந்து மூன்றாவது நாற்காலி அவருக்கு, வெள்ளை உறை போட்ட நாற்காலி, உறை வழுக்குகிறது, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பின்னால் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது, தலைக்கு நேர் மேலே மின்விசிறி. அதற்கு அடியில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்கள். வேண்டுமென்று செய்திருக்க முடியாது, இவர்களுக்கு வேண்டுமென்று எதையும் செய்யத் தெரியாது. ‘சல்லடை’ என்ற பத்தியில் முப்பது வருஷமாக ஒருத்தரையும் விட்டுவைக்காமல் சலித்துக் கொட்டிய விமர்சகரை எழுபத்தொரு வயதில் நிறைவுரைக்குக் கூப்பிட்டிருக்கிறார்களே, அது தைரியமில்லை, படிக்காததுதான் காரணம். படித்திருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். நாலாவது நூல் மனிதனை மிஞ்சிய இயந்திரத்தைப் பற்றியதாம், அது மட்டும் எழுதப்படாவிட்டால் இன்றைக்குக் கம்ப்யூட்டரே வந்திருக்காதாம். கதை எழுதினால் சாமான் வந்துவிடும் என்றால் கொசு இல்லாத திருச்சியை எவனாவது ஒருத்தன் எழுதித் தொலைத்திருக்கலாமே. சாப்பாட்டுக்குப் பதில் மாத்திரை என்று எழுதாத தீர்க்கதரிசி கிடையாது, ஜன்னல் வழியே வெண்டைக்காய் சாம்பார் மணக்கிறது, பின்வரிசைப் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஜன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பறக்கும் கார் என்றார்கள், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து இங்கே வர இன்று காலை ஐம்பது நிமிஷம் ஆயிற்று. நட்சத்திரப் போர், நட்சத்திர மண்டல சாம்ராஜ்யம், பச்சை ரத்தம், மூன்று கண். கேஸ் சிலிண்டருக்காகப் போனில் வரும் நாலு எண்ணைப் படிக்க ஒரு கிழவன் கண்ணாடியைத் தேடி வீடு முழுக்கத் துழாவுவான் என்று ஒருத்தனாவது எழுதினானா? எழுதவில்லை. ‘தாக்கம்’ என்றார் பேராசிரியர். இது முப்பத்தெட்டாவது தாக்கம், கோமதிநாயகம் விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணுவதை நிறுத்தினால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. பையில் நாலு பக்கம், நேற்று எழுதி முடித்தது, தலைப்பு ‘ஒரு மின்விசிறியின் செல்வாக்கு’. பத்தாவதாக எதைத் தூக்கிவைத்துக் கொண்டாடப் போகிறார்கள் என்பது அழைப்பிதழிலேயே இருக்கிறது: விண்ணவன் எழுதிய ‘திசையில்லாக் கப்பல்’, பத்தில் ஒரே தமிழ் நூல், அடுத்த மாதம் கெட்டி அட்டையில் பொன்விழா மாதிரி ஒரு புதுப்பதிப்பு. அந்தப் புத்தகத்தை அதன் மேடையில் வைத்தே இன்றைக்கு முடித்துவிடுவது என்றுதான் அவர் பஸ் ஏறி வந்தார்.

நாற்பத்தாறு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தாயிற்று. திறக்க வேண்டும் என்று தோன்றிய நாட்கள் உண்டு, அப்போதெல்லாம் அந்தப் புத்தகத்தின் புகழ் இன்னும் கொஞ்சம் உப்பட்டும், ஊதி ஊதிப் பெரிதாகட்டும், பிறகு குத்தலாம் என்று விட்டுவிட்டார். மடியில் ஒரு பழுப்பு உறை கனத்தது. அதைக் கொடுத்தவள் முன்வரிசையில் நீலப் புடவையில் உட்கார்ந்திருக்கிறாள், ஜெசிந்தா, விண்ணவனின் மகள், தபால் ஆபீசில் வேலை பார்த்து ரிடையர் ஆனவளாம். விண்ணவன் புனைபெயர், அப்பனின் சொந்தப் பெயர் சவரிமுத்து, மணப்பாறைப் பக்கம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான வாத்தியார். செத்து மூன்று வருஷம். காலையில் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். “மூணு வருஷமா உங்க அட்ரஸ் தேடிக்கிட்டு இருக்கேன் சார். அப்பா போறதுக்கு முன்னாடி, இதைக் கோமதிநாயகம் கையில குடு, அவரையே பிரிச்சுப் பாக்கச் சொல்லுன்னாங்க. பெருசா ஒண்ணும் இல்ல, பழைய பேப்பருங்கதான்.” பழைய பேப்பர்தான், வேறென்ன இருக்கும். வெளிவராத கதை ஒன்று இருக்கும், முன்னுரை வேண்டுமென்று ஒரு கும்பிடு இருக்கும். செத்த பிறகும் முன்னுரை கேட்கிற ஜாதி எழுத்தாளர் ஜாதி ஒன்றுதான். பிரிக்கவில்லை. நாற்காலி வழுக்கியது, மடியில் இருந்த பழுப்பு உறையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். சவரிமுத்துவை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவை, சென்னையில், ‘பூங்கதிர்’ வாரப் பத்திரிகை ஆபீசில். எழுபத்தெட்டாம் வருஷம். கோமதிநாயகத்துக்கு இருபத்தைந்து வயது, கதைப் பகுதிக்கு உதவி ஆசிரியர், அதோடு ஆசிரியர் விசுவலிங்கத்தின் கடிதங்களையெல்லாம் டைப் அடிக்கிற வேலையும். எல்லாக் கடிதமும் ஒரே கடிதம்தான், தங்கள் கதை கிடைத்தது, வாசகர்களைக் குழப்ப வேண்டாம், நேராக எழுதவும். நாளைக்கு இருபது ‘நேராக எழுதவும்’ அடித்து அடித்து, விரல் அடிக்கும், புத்தி வேறெங்கோ இருக்கும். பூங்கதிரில் ஒரு வழக்கம், தொடர்கதைக்கு அத்தியாய எண்ணை எழுத்தாளர் போடக்கூடாது, ஆபீசில்தான் போடுவார்கள். எழுத்தாளன் கையில் எண்ணைக் கொடுத்தால் கதையை இழுத்துக்கொண்டே போவான் என்று விசுவலிங்கத்துக்குப் பயம். வாராவாரம் மணப்பாறையிலிருந்து ஒரு கவரில் ஓர் அத்தியாயம் வரும், எண் இல்லாமல், குண்டூசி குத்தி. அரைப்பரீட்சை வந்தது, வாத்தியார் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து ஒரே கவரில் இரண்டு கட்டு அனுப்பிவிட்டார். கோமதிநாயகம் கவரைப் பிரித்து மேஜையில் வைத்தார், டீ வந்தது, மேலே மின்விசிறி ஓடியது, இரண்டு கட்டும் சரிந்து கீழே விழுந்தன. எடுத்து வைத்தார். மேலே இருந்ததற்குப் பத்தொன்பது என்று எண் போட்டார், கீழே இருந்ததற்கு இருபது. படித்தாரா என்றால் படித்தார், எழுத்துப்பிழைக்காகப் படித்தார், கதைக்காகப் படிக்கவில்லை. ராக்கெட் கதையை எந்த மானமுள்ள மனுஷன் கதைக்காகப் படிப்பான். பத்தொன்பதில் விண்கப்பலின் தலைவன் நீலன் செத்துப் போகிறான், உடம்பைத் துணியில் சுற்றி வெளியே இருட்டில் விட்டுவிடுகிறார்கள். இருபதில் நீலன் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருக்கிறான், தாடையில் லேசாக வெட்டிக்கொள்கிறான். இருபது வந்த இதழ் வெளியாகி இரண்டு நாளில் அறுநூறு போஸ்ட் கார்டு. விசுவலிங்கம் சத்தம் போட்டதில் அச்சு மெஷின் ஓடுகிற சத்தம் அடங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து வாத்தியாரும் ரயிலேறி வந்து ஆசிரியர் அறையில் ஒரு துணிப்பையோடு நின்றுகொண்டிருந்தார். விசிறிக் காத்துல விழுந்துடுச்சு சார், எடுத்து வெச்சப்ப மாறிப்போச்சு சார் என்று கோமதிநாயகம் அழுதார், உண்மையாகவே அழுதார், அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. வாத்தியார் பையின் காதைத் திருகிக்கொண்டே நின்றார். பிறகு சொன்னார்: “போகட்டும் சார். மாறினது மாறிப்போச்சு. மேற்கொண்டு எழுதி நான் சமாளிச்சுக்கறேன்.” சமாளித்தார். கப்பல் நேற்றைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கிறது, அதனால் இன்று செத்தவன் நேற்றில் முகம் மழிக்கிறான் என்று இருபத்தொன்றில் எழுதினார். ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். காலத்தையே மடித்துவிட்டார் என்று அதற்கு ‘மடிப்பு’ என்று ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள். ஒரு வரி, ஒரே ஒரு வரி, இது ஆபீசில் நடந்த பிழை, நான் யோசித்ததில்லை என்று அந்த மனுஷன் எங்கேயும் சொல்லவில்லை. மாலை விழுந்த கழுத்தை நீட்டிக்கொண்டே இருந்துவிட்டுச் செத்துப்போனார்.

ஆறாவது நூலுக்கு வந்துவிட்டார்கள், கடலுக்கடியில் ஒரு நகரம், அதன் தாக்கத்தால்தான் நீர்மூழ்கிக் கப்பல். அப்படியானால் மீன் எதன் தாக்கத்தால் வந்தது என்று கேட்க வேண்டும், கேட்டால் இந்த ஆள் அதற்கும் ஒரு ஸ்லைடு வைத்திருப்பார். தாக்கம் என்றால் என்னவென்று இவர்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது, கோமதிநாயகத்துக்குத் தெரியும். அந்த அறுநூறு போஸ்ட் கார்டுக்குத் தண்டனையாக அவரைக் கதைப் பகுதியிலிருந்து தூக்கி ராசிபலனில் போட்டார்கள். ஜோசியர் உடம்பு முடியாமல் நின்றுவிட்டார், நீ எழுது, எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுவாய் அல்லவா என்றார் விசுவலிங்கம். பதினோரு வருஷம். மேஷம் முதல் மீனம் வரை வாராவாரம் எதிர்காலத்தை எழுதியவர் அவர், மூன்று லட்சம் பேருக்கு. சிம்ம ராசிக்காரர்கள் செவ்வாயன்று வண்டி வாகனத்தில் கவனம் என்று ஒருமுறை எழுதினார், பக்கம் நிரம்பவில்லை என்பதற்காக எழுதியது, மதுரையில் ஒருத்தர் அன்றைக்குப் பெண் பார்க்கப் போகாமல் நின்றுவிட்டதாகக் கடிதம் வந்தது. அதுதான் தாக்கம். அந்தப் பெண்ணுக்கு வேறு மாப்பிள்ளை வந்திருப்பான், வேறு பிள்ளைகள் பிறந்திருக்கும். பத்து நூலும் சேர்ந்து ஒரு பிள்ளையை மாற்றிப் பெற வைத்திருக்குமா? ஆனால் கருத்தரங்கு ராசிபலனுக்கு நடப்பதில்லை, சால்வை ராசிபலனுக்குப் போர்த்துவதில்லை. மடிப்புக்குத்தான். மடிப்பைப் பார்த்து எழுதிய நாவல்கள் நாற்பத்தொன்று என்று இதே செங்குட்டுவன் தடியாக ஒரு புத்தகம் போட்டிருக்கிறார், கோமதிநாயகம் அதைச் ‘சல்லடை’யில் ஒன்றரை வரியில் முடித்தார். மடிப்பை வைத்து மூன்று படம் வந்தது. செத்த புருஷன் திரும்பி வந்து முந்நூறு நாள் சாயங்காலம் சாயங்காலம் காபி குடிக்கிற டிவி தொடர் வந்தது. போனில் விளையாடுகிற ஒரு விளையாட்டுக்கூட இருக்கிறதாம், செத்தால் ஷேவிங் பண்ணிக்கொண்டே எழுந்திருக்கலாமாம். இத்தனையும் எதிலிருந்து வந்தது? ஓர் ஓரியண்டோ உஷாவோ, ஞாபகமில்லை, மூன்று இறக்கை, ஓர் இறக்கை கொஞ்சம் வளைந்திருக்கும், கரக் கரக்கென்று சத்தம். காலத்தைப் பற்றிய தமிழனின் தனிப்பார்வை என்று ஒருத்தன் எழுதினான். சுழலும் பிரபஞ்ச தரிசனம் என்று இன்னொருத்தன். சுழன்றது விசிறி, மடையா. இப்படி ஒவ்வொரு கட்டுரை வரும்போதும் கோமதிநாயகம் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்திருக்கிறார், அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் முப்பது வருஷம் சல்லடையைப் பிடித்திருக்க முடியாது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் சரி, எதிரே வந்து நின்றால் உள்ளே ஒன்று சொல்லும், இவன் ஒரு மின்விசிறியைக் கும்பிட்டவன். இன்றைக்கு அதைச் சொல்லிவிட்டால் நாளை முதல் எதை வைத்துச் சிரிப்பது என்ற யோசனை வந்தது. அது நேற்று ராத்திரியும் வந்தது, விரட்டியாயிற்று. இப்போதும் விரட்டினார், முழுக்கப் போகவில்லை. சொல்ல வேண்டியதுதான். எழுபத்தொன்று ஆயிற்று, சொல்லாமல் போய்விட்டால் மடிப்பு ஜெயித்துவிடும்.

ஏழு, எட்டு, ஒன்பது மூன்றையும் பசிதான் அவசரப்படுத்தியிருக்க வேண்டும், ஐந்தைந்து நிமிஷத்தில் தள்ளிவிட்டார் பேராசிரியர். தன் தாத்தாவையே கொல்லப் போன காலப்பயணி, பூமியை வாடகைக்கு எடுத்த வேற்றுக்கிரகத்தார், இன்னொன்று என்னவோ, தாக்கம், தாக்கம், தாக்கம். பத்தாவது ஸ்லைடு வந்தது. பூங்கதிரின் பழைய பக்கம் ஒன்று, பத்தொன்பதாவது அத்தியாயம். அந்த ‘19’ ஈய அச்செழுத்தில் கோத்தது, எண்ணை எழுதிக் கொடுத்த கை இந்தக் கை. கோமதிநாயகம் கையைப் பார்த்துக்கொண்டார். செங்குட்டுவன் திரையில் சுட்டிக்காட்டும் விளக்குக் குச்சியை மேஜையில் வைத்துவிட்டு மைக்கிலிருந்து கொஞ்சம் விலகி நின்றார், அதனால் குரல் சின்னதாகிவிட்டது, கடைசி வரிசைக்குக் கேட்டிருக்காது. கட்டுரையில் எழுதாத ஒன்றைச் சொல்லப் போவதாகச் சொன்னார். தொடர் வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயதாம், துறையூர்ப் பக்கம். நீலன் செத்த வாரம் அவருடைய அம்மாவும் செத்துவிட்டார்களாம். மஞ்சள் காமாலை. ஏழாம் நாள் சித்தப்பா வீட்டில் யாரோ போட்டிருந்த பூங்கதிரை எடுத்து இருபதாவது அத்தியாயத்தைப் படித்தாராம். “செத்தவன் நின்னு ஷேவ் பண்ணிக்கிட்டு இருந்தான். கதைன்னு எனக்குத் தெரியாதா, பன்னெண்டு வயசு, தெரியும். ஆனா அதுக்கு முன்னாடி ஆறு நாளா நான் ஒரு வாய் சோறு திங்கல. அன்னைக்குத் தின்னேன்.” அவ்வளவுதான் சொன்னார். மறுபடி மைக்குக்குப் பக்கத்தில் வந்து, எனவே இந்நூலின் தாக்கம் என்று பழைய குரலில் ஆரம்பித்துவிட்டார். கோமதிநாயகத்துக்கு எரிச்சலாக வந்தது. இதெல்லாம் மேடையில் சொல்கிற விஷயமா, கருத்தரங்கா இது, ஒப்பாரியா. சோறு தின்றாராம். தின்னாமல் எத்தனை நாள் இருப்பாய், பன்னிரண்டு வயதுப் பயல், ஏழாம் நாள் தின்னத்தான் செய்வாய், கதை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பசிக்கும். இதில் நீலன் எங்கே வந்தான். ஆனால் அந்த ஆறு நாள் போக மாட்டேன் என்கிறது. எத்தனை தடவை தள்ளினாலும் துறையூரில் ஒரு பையன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், மேலே பூங்கதிர் ஆபீசின் மின்விசிறி கரக் கரக்கென்று ஓடுகிறது. சட்டைப்பையில் இருக்கிற நாலு பக்கத்தையும் இந்த ஆள் முகத்துக்கு நேராகப் படிக்க வேண்டும். படிக்கலாம், அதற்கென்ன. முப்பது வருஷமாக எத்தனை பேர் முகத்துக்கு நேராகப் படித்திருக்கிறார். கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டும் போலிருந்தது, மடியில் இருந்த பழுப்பு உறையின் ஓரத்தைக் கிழித்தார்.

உள்ளே காலாண்டுப் பரீட்சை விடைத்தாள்கள். பிள்ளைகள் எழுதாமல் விட்ட பின்பக்கங்களில் வாத்தியார் பென்சிலால் கதை எழுதியிருக்கிறார், முதல் படி, ஆபீசுக்கு அனுப்புவதற்கு முன்னால் வீட்டில் எழுதிக்கொண்டது. மேலே மூலையில் பக்க எண், வட்டம் போட்டு, நூற்று நாற்பத்தொன்றிலிருந்து. எழுத்துப்பிழை பார்க்கிற கண், தானாகவே பக்க எண்ணைத்தான் முதலில் பார்த்தது. நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று, எட்டு வரைக்கும் நீலன் செத்துக்கொண்டிருந்தான். நூற்று நாற்பத்தொன்பதில் பாதிப் பக்கம் வரை அவனைத் துணியில் சுற்றி வெளியே விட்டார்கள். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, அதே பக்கத்தில், அதே பென்சிலில், நீலன் கண்ணாடி முன்னால் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தான். கோமதிநாயகம் தாளைத் திருப்பினார். பின்னால் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று நீராவி எப்படி உண்டாகிறது என்று தப்பாக எழுதி இரண்டு மார்க் வாங்கியிருந்தது. மறுபடி திருப்பினார். அதே பக்கம்தான். ஒரு தாளின் மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் எந்த விசிறியும் மாற்றிப் போட முடியாது. விசிறி கட்டுகளைக் கீழே தள்ளியது நிஜம், அவர் எடுத்து வைத்ததும் நிஜம், எடுத்து வைத்தபோது சரியாகத்தான் வைத்திருக்கிறார். கடைசித் தாளோடு ஒரு கடிதம் குண்டூசியில் குத்தியிருந்தது. பூங்கதிரின் கடிதத்தாள், அந்த இரண்டு கட்டும் வருவதற்கு ஒரு மாதம் முந்தைய தேதி. தங்கள் யோசனைப்படி இறந்தவனை அடுத்த வாரமே உயிரோடு காட்டுவது நம் வாசகர்களுக்கு ஒத்துவராது. அப்படிச் செய்தால் தொடரை நிறுத்த நேரிடும். நேராக எழுதவும். கீழே விசுவலிங்கத்தின் கையெழுத்து, இடது ஓரத்தில் டைப் அடித்தவரின் சுருக்கம், கோ.நா. அவரே அடித்த கடிதம். விரல் அடித்திருக்கிறது, புத்தி வேறெங்கோ இருந்திருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு அடியில் நடுங்கும் எழுத்தில் இரண்டு வரி, இது பழைய மை இல்லை: தம்பி, விசிறி மேல் தப்பில்லை. அன்றைக்கு உண்மையைச் சொன்னால் கதையை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து நின்றுவிட்டேன். அயோக்கியன் என்று முதலில் தோன்றியது. நன்றாக வாய்விட்டுத் திட்ட வேண்டும் போல, அயோக்கியப் பயலே, பையின் காதைத் திருகிக்கொண்டு நின்றாயே, நான் அழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாயே, பதினோரு வருஷம் மீன ராசிக்குப் பண வரவு எழுத வைத்தாயே. கோபம் வந்தது, வர வேண்டிய அளவுக்கு வரவில்லை. அதற்கு அடியில் வேறொன்று இருந்தது, அது கோபத்தைவிட வலித்தது, அதை ஒத்துக்கொள்ள அவருக்கு வெட்கமாக இருந்தது. மடிப்பு அவருடையது இல்லை. படம் வந்தபோதும் தொடர் வந்தபோதும் நாற்பத்தொரு நாவல் வந்தபோதும் சீச்சீ என்று எழுதிவிட்டு, ஒன்று விடாமல் தேடிப் பிடித்துப் பார்த்தாரே, அது ஏன்? வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தது பொய். உள்ளூர ஒரு பிரியம், தன் பிள்ளை ஊரெல்லாம் சுற்றுவதை ஒளிந்து நின்று பார்க்கிற பிரியம், நான் போட்டது, என் கையால் போட்டது என்று. இவ்வளவு காலமும் ஊரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்.

அவர் பெயரைச் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் தயவு காட்டாத மூத்த விமர்சகர், அறிமுகம் தேவையில்லாதவர் என்று அரை நிமிஷம் அறிமுகம் செய்தார்கள். எழுந்து தாள்களை நாற்காலியில் வைத்தார். நாலு எட்டு நடந்தால் மைக். நாலு எட்டில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது, பையில் இருக்கிற நாலு பக்கத்தை இப்போதும் படிக்கலாம். ஒருத்தருக்கும் தெரியாது. விசுவலிங்கம் இல்லை, சவரிமுத்து இல்லை, ஜெசிந்தாவுக்கு அது பழைய பேப்பர். படித்தால் மடிப்பு இன்றோடு செத்துப்போகும், அல்லது என்றைக்கும் அவருடையதாகிவிடும், இரண்டில் எது நடந்தாலும் அவருக்கு லாபம்தான். பொய்யாக இருக்கும், அவ்வளவுதான். மாலைக்குக் கழுத்தை நீட்டியதாக எவனை நாற்பத்தாறு வருஷம் காறித் துப்பினாரோ, அவன் நின்ற இடத்தில் தானே போய் நிற்க வேண்டியிருக்கும். மைக் உயரமாக இருந்தது, இறக்கிக்கொண்டார். முன்வரிசையில் ஜெசிந்தா கைக்குட்டையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். செங்குட்டுவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தார், அடி விழும் என்று தெரிந்து தயாராக உட்கார்ந்திருக்கிற ஆள். இந்த முகத்தைப் பார்க்கத்தானே வந்தோம் என்று நினைத்தார், பார்த்தார், ஒரு சந்தோஷமும் வரவில்லை. “பத்தொன்பதாவது அத்தியாயமும் இருபதாவது அத்தியாயமும் வரிசையாத்தான் இருக்கு” என்றார். “நான் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. புதுப்பதிப்புல ஒண்ணும் மாத்த வேண்டாம்.” சபை மேற்கொண்டு வரும் என்று காத்திருந்தது. மேற்கொண்டு இல்லை. யாரோ ஒருத்தர் கை தட்டினார், தனியாகத் தட்டுவது தெரிந்து நிறுத்திக்கொண்டார். உடம்புக்கு ஏதாவது முடியவில்லையோ என்று ஒருங்கிணைப்பாளர் சால்வையோடு ஓடிவந்தார். கோமதிநாயகம் திரும்பினால் நாற்காலி காலியாக இருந்தது. மின்விசிறிக் காற்றில் அத்தனை தாளும் மேடை முழுக்கச் சிதறிக் கிடந்தன, ஒன்றிரண்டு படிக்குக் கீழேகூடப் போயிருந்தன. போர்த்திய சால்வையோடு அவர் மண்டி போட்டார். முழங்கால் கடகடத்தது. விடுங்க சார், பசங்க எடுத்துத் தருவாங்க, சாப்பாடு ஆறுது என்றார் ஒருங்கிணைப்பாளர். அவரை யாரும் லட்சியம் செய்யவில்லை. செங்குட்டுவன் எதிர்ப்பக்கம் மண்டி போட்டுப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். கோமதிநாயகம் ஒவ்வொரு தாளையும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூலை எண்ணைப் பார்த்து அடுக்கினார், நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடுக்கினார். எட்டுக்குப் பிறகு ஐம்பதுதான் இருந்தது. “நாப்பத்தொம்பது எங்க?” என்றார். செங்குட்டுவன் மேஜைக்கு அடியில் தலையை விட்டு ஒரு தாளை இழுத்தார். “இதுவா சார்?” வாங்கிப் பார்த்தார். மேல்பாதியில் நீலன் செத்திருந்தான், கீழ்ப்பாதியில் முகம் மழித்துக்கொண்டிருந்தான். அதை எட்டுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வைத்து, இன்னொரு தடவை முதலிலிருந்து கடைசி வரை எண்ணிப் பார்த்த பிறகுதான் அவர் எல்லாரையும் சாப்பிடப் போக விட்டார்.